பர்மாவில் இறந்த கிட்டுசாமிக்கு அணிவகுப்பில் இடம் கோருதல்

அனுப்புநர்
கி. அங்காத்தாள்,
பட்டாளத்துக் கிட்டுசாமியின் மகள்,
மகன் குமாரசாமி வீடு, மேப்பிள் தெரு,
ஆஷ்மில், நியூ ஜெர்சி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நினைவு நாள் அணிவகுப்புக் குழு,
ஆஷ்மில்.

பொருள்: போன வருடம் என் அப்பாவின் படத்தை வரிசையிலிருந்து விலக்கியது – இந்த வருடம் இடம் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேத்தி சண்முகப்ரியா இதை ஆங்கிலத்தில் மாற்றி இணைத்திருக்கிறாள். அவள் என் கோபத்தைக் குறைத்து எழுதியிருந்தால், தமிழில் உள்ளதையே சரி என்று கொள்ளவும்.

1. என் அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தார். நான் தொட்டிலில் கிடந்தபோது பர்மா சண்டைக்குப் போனார். ஆற்றில் பாலம் போடும்போது குண்டு விழுந்து இறந்தார். உடல் வரவில்லை. உடுப்போடு எடுத்த ஒரு படம்தான் வந்தது. அப்பா முகம் எனக்கு அதுதான்.

2. போன வருடம், போரில் இறந்தவர்களின் படங்களோடு குடும்பத்தார் நடக்கும் வரிசையில் நானும் நின்றேன். மஞ்சள் மேலங்கி போட்ட உங்கள் தொண்டர் ஒருவர், படத்திலிருந்த சந்தனப் பொட்டையும் சாமந்தி மாலையையும் பார்த்துவிட்டு, சாமி படங்களுக்கு அனுமதி இல்லை என்று என்னைக் கடைசியில், நடனப் பிள்ளைகள் ஏறிய லாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். பேத்தி விளக்குவதற்குள் பேண்டு வாத்தியம் கிளம்பிவிட்டது. சண்டையில் செத்த மனிதர் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் ஊர்வலம் போனார் ஐயா. "விடுங்க அத்தை, வேணும்னேவா பண்ணுனாங்க?" என்றாள் மருமகள் ஸ்வர்ணா. நான் விடவில்லை. அந்தத் தொண்டரின் முகமும், காலில் போட்டிருந்த பச்சை ஷூவும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

3. எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட மாட்டோம். சாமிக்கும் போடுவோம் என்பதால் அவர் குழம்பியதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அரைக்கால் சட்டையும் பூட்ஸும் போட்ட சாமியை அவர் எந்தக் கோயிலில் பார்த்தாரோ!

4. மகன் உங்கள் குழுவுக்குப் போன் செய்தபோது, அந்த வரிசை இந்த நாட்டுப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் என்றார்களாம். சரி. ஆனால் பூங்காவில், போரில் இறந்த இந்த ஊர்க்காரர்களுக்கு வைத்த நினைவுக் கல்லில் வால்டர் ஹென்னிங் என்ற பெயருக்குப் பக்கத்தில் பர்மா என்று வெட்டியிருப்பதைப் பேத்தி வாசித்தாள். அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவனும் என் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அதே மழையில் நனைந்திருப்பார்கள். அந்தப் பையனுக்கு இங்கே சொந்தம் யாரும் இல்லையாம், அவன் படத்தை எவரும் தூக்கி வந்ததே இல்லையாம். நூலகத்து அம்மாதான் சொன்னார். பழைய செய்தித்தாளிலிருந்து அவன் படத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தார். அன்றைக்குத்தான் என் மனம் கொஞ்சம் ஆறியது.

ஆகவே, எல்லோருக்கும் பின்னால் என்றாலும் சரி, அந்த வரிசையிலேயே என் அப்பாவோடும் அந்தப் பையனோடும் நடக்க எனக்கு இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு படமும் கனமில்லை. கிட்டுசாமிக்கு விதி இடம் கொடுக்காது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். அப்போதும் ஹென்னிங்கை நான் தூக்குவேன். மறுக்க மாட்டீர்கள் என்று நம்பி, எடிசன் ஊர்ப் பூக்கடையில் இரண்டு மாலைக்குச் சொல்லிவிட்டேன். பச்சை ஷூக்காரரையும் வரச் சொல்லுங்கள். ஒரு மாலையை அவர் கையால் போடட்டும். போன வருடம் நடந்ததை நான் மறந்துவிடப் பார்க்கிறேன்.

இடம்: ஆஷ்மில்
நாள்: 04.05.2026

இப்படிக்கு,
கி. அங்காத்தாள்