கண்ணாடியைத் துடைத்த கை

அக்கா,

போன வாரம் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். டிவி நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் தயாரிப்பு கம்பெனியின் லோகோ சில நொடிகள் வந்து போகுமல்லவா, அந்தக் காலத்து லோகோக்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவள். எங்கள் கம்பெனியின் மூன்று லோகோக்களையும் ஏதோ பழைய கேசட்டிலிருந்து எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தாள். ஓட்டிக் காட்டினாள். ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடி, அதைத் துடைக்கும் ஒரு கை, துடைத்த இடத்தில் தெளியும் எங்கள் பெயர்.

"முதல்லயும் மூணாவதுலயும் ஒரே கைதானே மேடம்? நடுவுல மட்டும் ஏன் வேற கை?" என்று கேட்டாள்.

உங்கள் பெயரைச் சொன்னேன். குறித்துக்கொண்டாள். நடுவில் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போன பிறகுதான், அதை உங்களிடமே நான் ஒழுங்காகச் சொன்னதில்லை என்பது உறைத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கேமராமேன் சம்பத்தும் நானும் சேர்ந்து கம்பெனி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாடகத்துக்காக ஏற்காட்டுக்கு வந்து, ஏரிக்கு எதிரே நீங்கள் வேலை பார்த்த லாட்ஜில் தங்கினோம். மூன்று நாளாக மூடுபனி. ஒரு ஷாட் எடுக்க முடியவில்லை. சம்பத் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாத ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் அறையைக் கூட்ட வந்தீர்கள். கூட்டி முடித்துவிட்டு, பழந்துணியை மடித்துக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மூன்று இழுப்பு இழுத்தீர்கள். மூலையில் மிச்சமிருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தீர்கள். வெளியே பனி விலகியிருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏரியும் கட்டிக் கிடந்த படகுகளும் கண்ணாடியில் வந்து நின்றன.

சம்பத் துள்ளி எழுந்தான். "அக்கா, அதே மாதிரி இன்னொரு தடவை!"

நீங்கள் பயந்துவிட்டீர்கள். "ஏனுங்க, நல்லாத் தொடைக்கலீங்களா?"

கம்பெனிக்கு லோகோ வேண்டும் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுபோனது. கடைசியில் உங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, வேலையை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டீர்கள். கண்ணாடியில் ஆவி படியக் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தது நீங்கள். அட்டையில் வெட்டிய எழுத்துகளை நான் உள்பக்கம் ஒட்டப் போனபோது தடுத்ததும் நீங்கள்தான். "வெளியில ஒட்டுங்க அம்மிணி. உள்ளார ஒட்டுனா நான் தொடைக்கையில பிஞ்சு வந்துருமுங்க."

சம்பத் தூறலில் நின்று எழுத்துகளை ஒட்டினான். உங்களைப் பதினொரு தடவை துடைக்க வைத்தோம். பின்னணிக்கு வீணை வைக்கலாம் என்று நினைத்திருந்தோம். ஆனால் துணி கண்ணாடியில் உரசும் அந்தக் கீச்சென்ற சத்தமே போதும் என்று விட்டுவிட்டோம்.

அப்போது உங்கள் லாட்ஜில் டிவி கிடையாது. இரண்டு வருடம் கழித்து நாங்கள் வந்தபோது வரவேற்பறையில் ஒன்று வைத்திருந்தார்கள். அது உங்கள் கை என்று நீங்கள் சொல்லி யாரும் நம்பவில்லையாம். அன்று எங்கள் நாடகம் வந்தபோது மேனேஜரிடம் நான் எழுந்து நின்று சொன்னேன், இவங்க கைதான் என்று. எல்லாரும் உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டீர்கள்.

"இவ்வளவுதானுங்களா?" என்று என் காதருகே கேட்டீர்கள்.

"ஆறு நொடிதான்க்கா."

"இதுக்கா பதினொரு வாட்டி!" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நாம் சினேகிதமானோம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூட லீவு போடாத நீங்கள், நாங்கள் மலையேறி வந்தால் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொண்டு வாழவந்தியில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவீர்கள். கருப்பட்டி போட்ட காப்பி. அது ஆறுவதற்குள் உங்கள் மருமகளைப் பற்றிப் பாதி புகார், பாதி பெருமை.

பிறகு அந்தத் தொடர் வந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் நெடுந்தொடர். விளம்பரதாரர் சார்பில் வந்தவர் லோகோவைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வேலைக்காரி கை மாதிரி இருக்கு. நகம் வேற உடைஞ்சிருக்கு. மாத்திடுங்க" என்றார். அன்று முழுக்க வாதாடினேன். மறுநாள் காலையில் ஒத்துக்கொண்டேன். அந்தத் தொடர் கைவிட்டுப் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனாலும் ஒரே ஒரு ராத்திரியில் அதற்குச் சம்மதிக்க முடிந்தது என்பதும் பொய்யில்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் புகை போட்டு, ஒரு மாடல் பெண்ணின் வெள்ளைக் கையை வைத்து எடுத்தோம். உங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அதன் பிறகு மலைக்காட்சி என்றால் வேறு ஊர்களுக்குப் போனோம். காரணம் கேட்டவர்களிடம் ஏற்காட்டில் பனி அதிகம் என்றேன்.

மூன்றாம் வருடம் தட்டிக்கழிக்க முடியாமல் வந்தேன். நீங்கள் வழக்கம்போல் காப்பி கொண்டுவந்து வைத்தீர்கள். துணியால் மேசையை ஒரு தடவை துடைத்தீர்கள்.

"பாத்தேன் அம்மிணி" என்றீர்கள்.

நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புள்ள கையி நொம்ப லட்சணமாத்தான் இருக்குது. ஆனா தொடைக்கத் தெரியலீங்க. பஸ்ஸுக்கு டாட்டா காட்டறாப்பல இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நீங்கள் பதறிப்போய், அதுவரை கூப்பிடாத பெயரால் என்னைக் கூப்பிட்டீர்கள். "அழுவாத கண்ணு. மேனேஜரு கேட்டாரு, எங்க உங்கையக் காணமேன்னு. கம்பெனியில என்ன கஷ்டமோ, அதான் மாத்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். எங்களுக்காகப் பரிந்து பேசியிருக்கிறீர்கள்.

தனியார் சேனல்கள் வந்த பிறகு எல்லாக் கம்பெனிகளும் கம்ப்யூட்டரில் லோகோ செய்ய ஆரம்பித்தன. எங்களையும் மாற்றச் சொன்னார்கள். சம்பத்தும் நானும் ஒரு கிராபிக்ஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தோம். தங்க எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நின்று பளீரென்று மின்னின. சம்பத் என் முகத்தைப் பார்த்தான். "நாளைக்கு ஏற்காடு கிளம்பலாமா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

நீங்கள் லாட்ஜ் வேலையை விட்டிருந்தீர்கள். விரல்கள் மூட்டில் வீங்கி மடங்கியிருந்தன. "இந்தக் கைய எவரு பாப்பாங்க?" என்று மறுத்தீர்கள். நான் கெஞ்சினேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொல்ல விடாமல் நீங்கள் குறுக்கே பேசினீர்கள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? கடைசில பேரு பேராப் போவுதே, அதுல எம்பேரு வருங்களா?"

"வரும்க்கா."

"செரி, எடுங்க."

லாட்ஜில் ஜன்னலெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்பதால் உங்கள் வீட்டு ஜன்னலிலேயே எடுத்தோம். ஒரு முழ அகலம்தான் இருக்கும். வெளியே காப்பிச் செடிகள், அவற்றுக்கு மேலே பனியில் பாதி மறைந்த சில்வர் ஓக் மரங்கள். நீங்கள் மெதுவாக, துணியை உள்ளங்கையால் அழுத்தி இழுத்தீர்கள். சம்பத் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "போதும்க்கா" என்றான். உங்களுக்கு ஏமாற்றம். "ஒரு வாட்டியே போதுங்களா?" என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சேனலில் முகம் சுளித்தார்கள். இந்த முறை நான் இறங்கி வரவில்லை. கம்பெனியை மூடும்வரை அதுதான் எங்கள் லோகோ. முடிவில் ஓடும் பெயர்களில், இசைக்கும் ஒப்பனைக்கும் கீழே, உங்கள் பெயர்.

நீங்கள் போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. வாழவந்திக்குப் போனேன். உங்கள் மருமகள் காப்பி போட்டுக் கொடுத்தாள். "அத்தை லோகோ வர்றப்ப டிவியவே பாக்க மாட்டாங்க. அடுப்பு வேலையா இருப்பாங்க. நாடகம் முடிஞ்சு பேரு ஓடறப்பதான் வந்து உக்காருவாங்க. எழுத்துப் படிக்கத் தெரியாதுங்களா, அவங்க பேரு எப்படி இருக்கும்னு எங்கிட்டக் கேட்டு மனசுல வெச்சுக்கிட்டாங்க. அது வந்தொடனே, 'அதா, போவுது'ம்பாங்க. அப்பறமும் எந்திரிக்க மாட்டாங்க. 'ஏன் அத்தை, உங்க பேருதான் போயிருச்சே'ன்னா, 'மத்தவங்களும் வரட்டும் இரு'ம்பாங்க."

இப்போது நான் படமெதுவும் எடுப்பதில்லை அக்கா. எப்போதாவது தியேட்டருக்குப் போவேன். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். கூட்டம் எழுந்துவிடுகிறது. கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு வந்து ஓரமாக நிற்பார்கள். வெளியே போகிறவர்களுக்குக் காலை ஒடுக்கி வழிவிட்டுக்கொண்டு, திரையில் ஏறிப்போகும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறேன். யாரென்றே தெரியாதவர்கள்தான். கடைசிப் பெயர் போன பிறகுதான் எழுந்திருக்கிறேன்.