பூட்டுக்கு எதிரே ஒரு பெஞ்ச்

ஜூலை 7, திங்கள்

மழை. பஜார் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். குடைக்கம்பி போச்சு, மாற்ற வேண்டும். இலவச சட்ட உதவி அறைக்குப் போனால் கதவில் பூட்டு. புதுசு, பளபளவென்று. பூட்டு வாங்க மட்டும் காசு இருந்திருக்கிறது. ஒட்டியிருந்த தாளில் மலையாளத்தில் இரண்டே வரி: நிதி வராததால் மட்டாஞ்சேரி மையம் இப்போதைக்கு இயங்காது, தேவைப்படுபவர்கள் காக்கநாட்டுக்குப் போகவும்.

காக்கநாடாம்! பஸ் மாறி மாறி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, யார் போவது? அடிபட்டு முகம் வீங்கினவள் அந்தக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போவாளா? எழுதின ஆள் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும்.

ஆபீசுக்கு போன் போட்டேன். "ஃபண்ட் இல்லா சாந்தி. ஞங்ஙள் எந்து செய்யும்?" அவர்கள் என்ன செய்ய முடியுமாம். நான் வெறும் தொண்டர். என் படியும் நின்றது. நிற்கட்டும். வியாழக்கிழமை செல்வி கேஸ். அது நிற்குமா?

செல்விக்கு ஊர் தென்காசிப் பக்கம். ஃபோர்ட் கொச்சி ஹோட்டலில் அறை துடைக்கிறாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். அவன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதென்று கோர்ட் உத்தரவு கேட்டிருக்கிறோம். மனு நான் எழுதினது. அவளுடைய மலையாளம் சாயாக்கடை வரைக்கும்தான். கோர்ட்டில் நான்தான் அவளுக்கு நாக்கு.

மறக்காமல்: பருப்பு, சோப்பு, சின்னவனுக்கு மழைக்கோட்டு.

ஜூலை 8, செவ்வாய்

விட்டுவிட்டுத் தூறல். ரஷீத் இக்காவின் சாயாக்கடை பெஞ்சை இழுத்து, பூட்டின கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாயிற்று. அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும்: சட்ட உதவி இங்கே. தமிழ் கோணல்மாணல். வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தானே இந்த டைரியைத் தமிழில் எழுதுகிறேன்.

இக்காவுக்கு பயம். "மோளே, போலீஸ் வந்நாலோ?"

"வரட்டே இக்கா. அவர்க்கும் சாயா கொடுக்கு."

சிரித்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஆள் வந்துவிட்டது. கட்டட வேலையில் விரல் நசுங்கின ஒருத்தர், சேலம்காரர். பென்ஷன் நின்றுபோன ஒரு சேச்சி. கதவைப் பூட்டினால் கஷ்டமும் காக்கநாடு போய்விடும் என்று ஆபீசில் நினைத்தார்களோ?

ஜூலை 9, புதன்

வெயில், புழுக்கம். துணி காய்ந்தது. காலையிலேயே நிஷா வக்கீல் பெஞ்சுக்கு வந்தாள். செல்விக்குப் புதிதாகக் கொடுத்திருக்கும் பெண், மலையாளி. போன வாய்தாவுக்கு நான் காய்ச்சலில் கிடந்தேன். அன்றைக்குப் புருஷன் பெயரைக் கேட்டதற்கு செல்வி வாயே திறக்கவில்லையாம். சமாதானமாகிவிட்டாளோ, கேஸ் வேண்டாமோ என்று நிஷாவுக்குச் சந்தேகம். நாளைக்கும் பேசாவிட்டால் மனு தள்ளுபடி என்று மாஜிஸ்ட்ரேட் மேடம் சொல்லிவிட்டாராம்.

சாயங்காலம் வேலை முடிந்து செல்வி வந்தாள். எடுத்தவுடனே பிடித்தேன்.

"ஏன்டி, கோர்ட்ல வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எல்லாம் சொல்லணும்னுதான் போனேன்க்கா. அவுக பேரச் சொல்லச் சொல்லிட்டாக."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எப்படிக்கா? சொன்னா அவுக ஆயுசு குறையும்லா. ரேசன் கடை, ஆசுபத்திரின்னா எம் மக காவ்யா சொல்லிரும். அங்க பிள்ளைய உள்ள விடலியே."

எனக்கு வந்ததே ஆத்திரம்! தோட்டைப் பிடித்து இழுத்துக் காதைக் கிழித்தவன். தையல் தழும்பு இன்னும் சிவப்பு. "அவன் ஆயுசுக்கு நீ காவலா? உன் ஆயுசுக்கு யாருடி காவல்?" கத்தினதில் கடையே திரும்பிப் பார்த்தது.

அவள் அழவில்லை. காதைத் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். முழுசாகத் தின்றுவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு நீங்க வருவீகள்ளாக்கா? ஆபீசத்தான் பூட்டிட்டாகளே."

"பூட்டினது ரூமை. என்னை இல்ல."

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. கோர்ட் வாசலிலேயே குமாஸ்தா மறித்தார். மையம் பூட்டியாச்சே, உனக்கென்ன வேலை என்று. நான் நகரவில்லை. நிஷா உள்ளே போய் மேடத்திடம் சொல்லி என்னைக் கூப்பிட வைத்தாள்.

"நிங்ஙள்க்கு ஆரா சம்பளம் தருந்நது?" மேடம் கேட்டார்.

"ஆரும் இல்லா மேடம். எந்நாலும் ஞான் வரும்."

சம்பளம் இல்லாவிட்டாலும் வருவேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்க்கச் சத்தியப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்.

செல்வி புருஷன் எதிரே. தேய்த்த சட்டை, படிய வாரின தலை. இவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். மெல்லச் சிரித்துக்கொண்டு நின்றான். மேடம் பெயர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். செல்வி தரையைப் பார்த்தாள். சொல்லுடி, சொல்லுடி என்று உள்ளுக்குள்.

காதைத் தொட்டாள். நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"பேரச் சொன்னா ஆயுசு குறையும்பாகம்மா. குறையட்டும். மாரியப்பன்."

அவன் சிரிப்பு போயே போச்சு.

"மாரியப்பன். மாரியப்பன்."

"மதி, மதி," என்றார் மேடம். ஒரு தடவை போதுமாம். முதலில் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன், ஆயுசையும் சேர்த்து. அப்புறம் செல்வி நிறுத்தவே இல்லை. குடி, அடி, தோடு, எல்லாம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இடைக்கால உத்தரவு கிடைத்தது. அவன் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. வெளியே வந்து நான்தான் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மழை. பூட்டு அப்படியே. நான் போகும்போதே பெஞ்சில் செல்வி. பக்கத்தில் புதுசாக ஒருத்தி, அதே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவளாம். கன்னத்தில் விரல் தடம். நான் குடையை மடக்குவதற்குள் செல்வி ஆரம்பித்துவிட்டாள்.

"முதல்ல உன் வீட்டுக்காரன் பேரச் சொல்லு. எங்கிட்டயே சொல்லிப் பழகு. சத்தமா."