அம்மாவின் காருக்குக் கண் தெளிந்த கதை

அன்பு மகளே,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அவமானப்பட்டுப்போய் இருக்கிறது, காரணம் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பழைய காரை விற்றுவிடுங்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா, அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சொன்னது நீ, தண்டனை எனக்கு. அறுபது வயதுக்கு மேல் வண்டி ஓட்டப் பழகி, வாரம் மூன்று மாலை நீச்சல் வகுப்புக்குத் தானே ஓட்டிப் போகிறவள் அவள். ஆனால் நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் பூத்து, போட்டால் இருட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வாகனப் பரிசோதனை வேறு. அதில் தேறாவிட்டால் காரும் போகும், அவள் நீச்சலும் போகும்.

முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன். ஒரு நாள் பளிச்சென்று இருந்தது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, அதுக்குச் சொத்தைப்பல் இல்ல சார், வெயில்ல மேல்தோல் வெந்திருக்கு, தோலைத்தான் உரிக்கணும் என்றார். அவர் சொன்னபடி, பெயின்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசானது, பிறகு இன்னும் நைசானது என்று தேய்த்தேன். முதல் தாளிலேயே விளக்கு பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, இருந்த கண்ணையும் பிடுங்கிட்டீங்களா என்றாள். கூட்டலே வராத பிள்ளைக்கு எடுத்தவுடன் வகுத்தல் சொல்லித்தர முடியுமா, படிப்படியாகத்தானே வரும் என்றேன். முதல்ல அந்தப் பிள்ளை பாஸ் பண்ணட்டும் என்று உள்ளே போய்விட்டாள். கடைசித் தாளும் பாலிஷும் முடிந்தபோது உள்ளே இருக்கும் பல்பைக்கூடத் துல்லியமாகப் பார்க்க முடிந்தது.

அதோடு விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிடுமாம், வெயில் அரிக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு பூச வேண்டும். காயும்வரை தொடவே கூடாது என்று மெக்கானிக் மூன்று தடவை சொல்லியிருந்தார். இரண்டு விளக்குக்கும் திட்டில்லாமல் ஒரே சீராகப் பூசினேன், எனக்கே பெருமை தாங்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் விடைத்தாள் திருத்திய பழக்கம் மகளே, நல்ல விடையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வலது விளக்கின் நடுவில் விரலால் பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் புத்தி வந்தது. அது அப்படியே காய்ந்து இறுகிவிட்டது.

பரிசோதனை அதிகாரி குனிந்து பார்த்து, இது கம்பெனி முத்திரையா என்று கேட்டார். அம்மா சும்மா இருக்கக் கூடாதா, இல்லைங்க, இவரே பரீட்சை எழுதி இவரே திருத்திக்கிட்டார் என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே, ஒளி சிதறுகிறது என்று ஃபெயிலும் போட்டார். திங்கட்கிழமை வரை தவணை. என் டிக்கை நானே உரித்து, எல்லாம் முதலிலிருந்து. இந்த முறை பூச்சு காயும்வரை அம்மா என்னை வீட்டுக்குள் உட்காரவைத்து, இரண்டு கையிலும் கம்பளி நூலை மாட்டிவிட்டு உருண்டையாகச் சுற்றினாள். திங்களன்று தேறிவிட்டது.

நேற்று நீச்சல் முடிந்து ஏழு மணிக்கு வரவேண்டிய அம்மா ஏழே முக்கால் வரை வரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. கடைசியில் ஈரத் தலையோடு வந்து இறங்கினாள். என்ன ஆயிற்று என்றேன். ஒண்ணும் ஆகல, ரோடு நல்லாத் தெரிஞ்சுது, அதான் ஏரியைச் சுத்தி ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்தேன் என்றாள். ஆகவே காரை விற்கும் விஷயத்தை இனி என்னிடம் பேசாதே, தைரியம் இருந்தால் அவளிடமே பேசு.

உன் காரையும் நிழலில் நிறுத்து, மாப்பிள்ளையின் இருமலைக் கவனி. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். அம்மா தன் ஆசியைத் தானே எழுதுவதாகச் சொன்னாள், ஆனால் வண்டி எடுக்கும் சத்தம் கேட்கிறது, இன்று வகுப்புகூடக் கிடையாது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா