லோர்னாவின் கையில் கொடுத்த ஒன்பது உறைகள்

ஆல்டர் மில்ஸ்
ஜனவரி 26, ஞாயிறு

அன்புள்ள கோரினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று சொல்லலாமென்றால் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், இங்கே குளிர் பல்லைக் கிட்டவைக்கிறது, தண்ணீர்க் குழாய் இரண்டு தடவை உறைந்துபோய் அப்பா உன்னுடைய பழைய தலைமுடி உலர்த்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முட்டியில் ஆபரேஷன் பண்ணிய மனுஷன், சொன்னால் கேட்டால்தானே. நீ மூன்று தடவை போனில் கேட்டும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதுதான் காரணம். பத்திரிகையில் வந்ததை யாரோ உனக்கு அனுப்பிவிட்டார்களாம். அதில் போட்டிருப்பதெல்லாம் சரிதான், ஒன்றே ஒன்று அதில் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா சட்டசபைக்குப் பதினாறு தடவை நின்றவள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அதன் வயிற்றெரிச்சல் முழுக்க உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தவள் தொண்ணூற்று நாலில் முதல் தடவை நின்றபோது தீவனக்கடைக்காரர் என்னை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் மண்ணைக் கவ்வவைத்தார். அடுத்த தடவை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர்க் குப்பை கொட்டுமிடத்தின் வாசலில் நின்று கைகுலுக்கியே முப்பத்தொரு ஓட்டில் அவரைத் தோற்கடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை இதே வேலைதான், பனியில் வெர்னா டட்டன் என்று என் பெயர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஜெயிப்பது, ஜனவரியில் தலைநகர் மான்ட்பீலியருக்கு வண்டியை ஓட்டுவது, மே மாதம் திரும்பி வந்து திட்டு வாங்குவது. இரண்டாயிரத்து ஆறில் சின்னப் பள்ளிக்கூடங்களை ஒன்றாகச் சேர்க்கும் மசோதாவுக்கு நான் சரியென்று கை தூக்கினேன், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஊர் என்னைத் தூக்கியெறிந்தது. நியாயம்தான், நானே எனக்கு ஓட்டுப் போட்டிருக்கமாட்டேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி அனுப்பினார்கள், என்னை மன்னித்ததால் இல்லை, எனக்குப் பதில் போனவன் ஒருநாளும் போனை எடுக்காதவனாக இருந்ததால். இதில் ஒன்றை மட்டும் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு பொய் சொன்னவள் இல்லை என்று.

நாலு வருஷத்துக்கு முன்னால் தேர்தல் சட்டத்தைத் திருத்தும் வேலை எங்கள் கமிட்டிக்கு வந்தது. வேட்பாளராக நிற்பவர் வேறொருவருடைய தபால் ஓட்டு உறையைக் கையால் தொடக்கூடாது என்று ஒரு பிரிவு சேர்த்தோம். சேர்த்தோம் என்ன, நான்தான் எழுந்து அதற்காக வாதாடினேன், ஓட்டுக் கேட்கிற கையும் ஓட்டைச் சுமக்கிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று ஒரு பெரிய பேச்சே பேசினேன், ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. அதெல்லாம் வேறெங்கேயோ தில்லுமுல்லு பண்ணுகிறவர்களுக்கான சட்டம் என்றுதான் மனசுக்குள் எனக்கு நினைப்பு, நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு.

இங்கே வியாழக்கிழமைதோறும் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத கிழங்களுக்கு நான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறேன் அல்லவா, அவர்கள் காலித் தட்டோடு எதைக் கொடுத்தாலும் வாங்கிவருவது என் வழக்கம். மின்சார பில், மருந்துச் சீட்டு, தங்கைக்கு எழுதிய கடிதம், ஒருதடவை ஒரு கிழவி பல்செட்டையே கொடுத்து ஒட்டிக்கொண்டு வரச் சொன்னாள். போன அக்டோபர் கடைசி வியாழக்கிழமை ஒன்பது பேர் தபால் ஓட்டு உறையைக் கொடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் மூளையில் ஒரு மணியும் அடிக்கவில்லை. நேரே ஊர் அலுவலகத்துக்குப் போய் டவுன் கிளார்க் லோர்னாவின் கையில் கொடுத்தேன், அவளும் பேரக்குழந்தையின் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வாங்கி முத்திரை குத்திப் பெட்டியில் போட்டாள். இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், உன் பிறப்புச் சான்றிதழ் நகலில்கூட அவள் கையெழுத்துத்தான் இருக்கிறது. வேட்பாளர் கையிலிருந்து வாங்கக்கூடாது என்று அவளுக்கும் தோன்றவில்லை.

தேர்தலில் நான் நாலே ஓட்டில் ஜெயித்தேன். எதிரில் நின்றவன் பிரைஸ் கென்யன், மரம் அறுப்பவன், நல்ல பையன்தான். ஜெயித்தவர் தோற்றவர் எல்லாரும் வாரப் பத்திரிகைக்கு நன்றிக் கடிதம் எழுதுவது இங்கே வழக்கம், எழுதாவிட்டால் தலைக்கனம் என்பார்கள். நான் பதினைந்து தடவை எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று, காலித் தட்டோடு தங்கள் ஓட்டையும் என்னை நம்பிக் கொடுத்தனுப்பிய ஒன்பது பேருக்கு என் தனி நன்றி என்று எழுதினேன். என் குற்றத்தை நானே கைப்பட எழுதி, ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தேன். மறுவாரம் பிரைஸ் தரப்பில் புகார் போனது. பிரித்து எண்ணிய ஓட்டில் எந்த ஒன்பது என்று இனிப் பொறுக்கமுடியாது, வித்தியாசமோ நாலு. என் பதவி செல்லுமா செல்லாதா என்று விசாரிக்கும் வேலை எங்கள் கமிட்டிக்கே வந்தது. விசாரணை முடியும்வரை நானும் லோர்னாவும் பேசிக்கொள்ளக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கடையில் எதிரெதிரே வந்தால் அவள் ரொட்டி அடுக்கையும் நான் சோப்பு அடுக்கையும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஆறு வாரம்.

விசாரணை இம்மாதம் பதினாலாம் தேதி. சாட்சி சொல்லப்போகிறவர் மற்றவர் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று லோர்னாவை முதலில் உள்ளே கூப்பிட்டு, என்னை நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கமிட்டிக் கூட்டத்தை இப்போது கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. லோர்னா உள்ளே சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டாளாம், உறைகள் அலுவலக வாசல் பெட்டியில் கிடந்தன, அந்தந்த வீட்டுக்காரர்கள் போட்டிருப்பார்கள், வெர்னா எதையும் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை, நன்றிக் கடிதத்தில் வெர்னா எப்போதுமே கொஞ்சம் ஜோடித்துத்தான் எழுதுவாள் என்று. நீயும் அப்படியே சொல்லிவிட்டு வா என்று முடித்திருந்தார். படித்தேன், போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். இதுதான் கோரின், பத்திரிகையில் இல்லாதது. லோர்னா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும்.

உள்ளே போனேன். ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்த மேஜையின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். கமிட்டித் தலைவர் ஹேஸ்கல், எனக்கு அடுத்த நாற்காலியிலேயே பல வருஷம் தூங்கியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய குறிப்பிலிருந்து என் பேச்சையே எனக்குப் படித்துக்காட்டினார், ஓட்டுக் கேட்கிற கை, ஓட்டைச் சுமக்கிற கை, எல்லாம். காது சுட்டது. பிறகு, பத்திரிகையில் எழுதியது நிஜமா ஜோடனையா என்று கேட்டார். நிஜம், ஒன்பது உறையையும் நான்தான் என் கையால் எடுத்துப்போனேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டியில் போட்டேனா, யாரிடமாவது கொடுத்தேனா என்று அவர் கேட்கவேயில்லை. அங்கேயே வாயை மூடியிருந்தால் என் பதவி மட்டும்தான் போயிருக்கும், லோர்னாவின் பெட்டிக் கதை அப்படியே நின்றிருக்கும். ஆனால் நான் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பதினொரு பேர் முகமும் மாறியது, இவள் பழைய வெர்னாதான் என்பதுபோல ஒரு மரியாதை வந்தது. ஆறு வாரமாக ஊர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்திருந்தது, அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அதோடு, என்னை ஜோடிப்பவள் என்று சொல்லிவிட்டாளே என்று ஒரு எரிச்சலும் இருந்தது, மறைப்பானேன். யாரும் கேட்காமலேயே, “லோர்னா கையிலதான் குடுத்தேன், அவதான் வாங்கி முத்திரை குத்தினா” என்று சொன்னேன்.

என் இடம் காலி என்று சபை முடிவு பண்ணியது, மார்ச்சில் ஊர்க்கூட்டத்து நாளிலேயே மறுதேர்தல். என்மேல் வழக்கு எதுவும் இல்லை, தானாக ஒப்புக்கொண்டதால் கண்டிப்புக் கடிதம் ஒன்றோடு விட்டுவிட்டார்கள். லோர்னாவை மறுபடி உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். அந்த வெள்ளிக்கிழமையே ராஜினாமா. பொய்ச் சத்தியத்துக்கு வழக்குப் போடுவதா என்று அரசு வக்கீல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவள் புருஷன் டேலுக்கு நுரையீரல் போய் ஒரு வருஷமாக மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார், அவருடைய வைத்தியமெல்லாம் அவள் வேலையோடு வந்த காப்பீட்டில் நடந்தது, அது இந்த மாதக் கடைசியோடு நிற்கிறது. என்னை ஊர் எப்படி நடத்துகிறது தெரியுமா, கடைக்குப் போனால் கதவைத் திறந்துவிடுகிறார்கள். பதவி போனாலும் பொய் சொல்லாத பெண்மணி என்று பத்திரிகை தலையங்கம் எழுதியது, பிரைஸே வீடு தேடி வந்து கைகொடுத்தான். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வாழ்த்து அட்டைகள் வருகின்றன, நான் ஒன்றையும் பிரிக்கவில்லை.

கிழங்கள் மட்டும்தான் என்னை ஒழுங்காக நடத்துகிறார்கள். போன வியாழக்கிழமை மலையடி வீட்டு எமரித் தாத்தா மகளுக்கு எழுதிய கடிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “இதைத் தபால்ல போட்டா என்னையும் கூண்டுல ஏத்துவியா?” என்று கேட்டார். அவர் சிரிப்பதற்காகச் சொன்னார், நான் வண்டியில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

நேற்று மத்தியானம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு லோர்னா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன், வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முன்னறையில் டேலின் ஆக்சிஜன் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும், அவள் என் கோட்டை வாங்கி மாட்டி, காபி ஊற்றி, முந்தின நாள் செய்த ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டு வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். “பாரு வெர்னா, நீ வெளியில உக்காந்திருந்தே, நான் உள்ள என்ன உளறினேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சிருந்தா உசுரே போனாலும் என் பேரைச் சொல்லியிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியாதாடி? அத நெனச்சு நீ உருகிக்கிட்டு இருக்காதே” என்றாள்.  அந்தக் கட்டிடத்துக்குள் இத்தனை வருஷம் பொய் சொல்லாதவள், அவள் வீட்டுச் சமையலறையில் காபியைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் கேள். என்னை மறுபடி நிற்கச் சொல்லி அப்பாவும் கட்சிக்காரர்களும் வேட்பு மனுத்தாளை என் பையில் திணித்திருந்தார்கள், ஊரில் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால் போதும், இந்தத் தடவை நானூறு ஓட்டில் ஜெயிப்பாய் என்கிறார்கள். அது பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை லோர்னா பார்த்துவிட்டாள். இதைக் குடுடி, முதல் கையெழுத்து என்னுதா இருக்கட்டும், அப்பத்தான் நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு ஊருக்குத் தெரியும் என்று சொல்லி மேஜையைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்தாள். அவளிடம் பேனா இல்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மனுவை நான் கொடுக்கப்போவதில்லை. வயதாகிவிட்டது, போதும் என்று சொல்லிவிடுவேன், அதற்கும் நல்ல மனசு என்று பாராட்டுவார்கள். அப்பாவிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அந்தச் செய்தியை அனுப்பியதையே மறந்தவர்போல இருக்கிறார், அவர் பாவம். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது, கண்ட மருந்தையெல்லாம் கொடுக்காதே. மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி இல்லாமல் திரியவேண்டாம் என்று சொல். கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், என் ஆயுளில் மிச்சம் இருப்பது உங்களுக்கு வரட்டும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி உன் பிறந்தநாளுக்கு லோர்னா எப்போதும்போலப் போன் பண்ணுவாள், மறக்காமல் எடு. என்னைப் பற்றி உயர்வாகத்தான் பேசுவாள். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, ஒருவேளை அம்மாவுக்கு முன்னாலேயே தெரியுமா என்று அவளே உன்னிடம் கேட்டால், எனக்காக நீயும் பொய் சொல்லாதே.

உன் அம்மா,
வெர்னா டட்டன்