மூன்று நாளும் ஒரே சொல்

அக்கா,

இன்று காலை நான் நூலகராக இருக்கும் வாயனசாலைக்குப் புது ஸ்டாம்ப் பேடு வந்தது. உறையைப் பிரித்ததும் ஊதா மையின் வாசனை முகத்தில் அடித்தது. புத்தகங்களுக்கு முத்திரை போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் விரல் நுனிகளில் எப்போதும் இருந்த மை அது. கொல்லங்கோட்டில் பத்திரம் எழுதுகிற ஓர் ஆபீசில் நாள் முழுக்கப் பிறருடைய பெருவிரல்களைப் பிடித்துப் பதிய வைத்துவிட்டு, மாலை பஸ்ஸில் கோவிந்தாபுரத்தில் இறங்கி, நேராக என் மேசைக்கு வருவீர்கள்.

நான் நாவல் எழுதுவது ஊரில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதல் நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டு, "கதையெல்லாம் சரி கண்ணு. இந்த ராசாத்திதான் காலண்டர் லட்சுமியாட்ட இருக்கறா. இவளுக்குப் பசிக்குமா, கோவம் வருமா, ஒண்ணும் தெரியலையே" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் வழியும் நீங்களே சொன்னீர்கள். தினமும் ஒரு சொல் தருவீர்கள். அதை வைத்து ராசாத்தி என்ன செய்வாள், எதை நினைப்பாள் என்று நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். நாவலில் அது வர வேண்டியதில்லை. அவள் யாரென்று எனக்குத் தெரிந்தால் போதும்.

முதல் சொல் உப்பு. பிறகு செருப்பு, காய்ச்சல், பூட்டு. அவள் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் புதைக்கிறாள் என்று எழுதியபோது, "பாத்தியா, ஒளிக்கறதுக்கு அவகிட்ட என்னமோ இருக்குது" என்று சிரித்தீர்கள். அன்றுதான் அவள் எனக்கு மூச்சு விடுகிற பெண்ணாகத் தெரிந்தாள். 'படுக்கை' என்ற சொல்லுக்கு, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் அவள் படுப்பதாக எழுதினேன். "மழை நாள்ல கொசுகூடப் பரவால்ல, ஈரச் சாக்கு வாசந்தான் தூங்க உடாது. அதை உட்டுட்டியே." நல்ல குறிப்பு என்று சேர்த்துக்கொண்டேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

போன ஆடியில் 'கையெழுத்து' என்றீர்கள். ராசாத்தியின் அண்ணன் பத்திரத்தை நீட்டுகிறான். அவள் படிக்காமலே, சிரித்த முகமாக, தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறாள். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. நீங்கள் இரண்டு முறை படித்தீர்கள்.

"எதுக்குச் சிரிக்கறா?"

"அண்ணன் மேல பாசமுங்க அக்கா."

தாளை மடித்துத் தந்தீர்கள். "நாளைக்கும் இதே சொல்லுதான். மறுக்கா எழுது."

மறுநாள் அவளை அழ வைத்து எழுதிக் கொண்டுவந்தேன். "இதுவும் இல்ல கண்ணு." மூன்றாம் நாளும் அதே சொல்லைத் தந்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "வேற சொல்லே கெடைக்கலீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டேன். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். "இருக்குது. இதைத் தாண்டாம அதுக்குப் போக முடியல."

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடுத்த நாள் பஸ் வந்தது. நீங்கள் இறங்கவில்லை. கண்டக்டர் படியில் நின்றபடி, வாயனசாலை வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆபீஸ் அக்கா மயங்கி உளுந்துட்டாங்களாமுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." அவர் முடிக்கவில்லை. பஸ் போய்விட்டது. மூன்றாம் முறை எழுதிய தாள் என் கையில் இருந்தது. அதை உங்களிடம் காட்ட வேண்டுமே என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடப் பழக்கத்தில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தது அன்றுதான் முதல்முறை. 'எங்க ஊடு, எங்க மாந்தோப்பு' என்று நீங்கள் பேசிக் கேட்டதோடு சரி. பெரிய ஓட்டு வீடு. எல்லாம் முடிந்த பிறகு, உங்கள் அறையை ஒருமுறை பார்க்கலாமா என்று உங்கள் அண்ணன் மனைவியிடம் கேட்டேன்.

"இங்க இல்லீங்க. அவிய பொறத்தால சாளையிலதானுங்க இருந்தாங்க."

"எத்தன நாளாங்க?"

"நான் கண்ணாலமாகி வந்ததுலிருந்தே அங்கதானுங்க. ஊடு, தோப்பு எல்லாம் எங்கூட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல. நல்ல மனசுங்க. சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டாங்களாமா."

பின்னால் போய்ப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பெட்டி. ஒழுகுகிற மூலையில் நனைந்த சாக்குகள்.

இல்லாத ஒருத்தியைத் தெரிந்துகொள்ள எத்தனை சொற்களோடு மாரடித்தேன் அக்கா! எதிரில் உட்கார்ந்திருந்த உங்களிடம், ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைப் 'பாசம்' என்று உங்களுக்கே விளக்கம் சொன்னேன். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் உடம்பு கூசுகிறது. நீங்கள் உங்கள் கதையைத்தான் சொல்ல வந்தீர்களா, இல்லை ராசாத்தியாவது வேறு மாதிரி செய்யட்டும் என்று பார்த்தீர்களா? தெரியவில்லை. மாதக்கணக்கில் நான் பேனாவைத் தொடவில்லை.

தை மாதம் என் நாத்தனார் சுமதி கோபாலபுரத்திலிருந்து வந்தாள். பிறந்த வீட்டில் தன் பங்கை என் வீட்டுக்காரருக்கு விட்டுத்தர ஒப்புக்கொண்டிருந்தாள். பத்திரம் தயாராக இருந்தது. "எங்கீங்கண்ணா போடோணும்?" என்று சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினாள். என்னை அறியாமல் அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டேன்.

"படிச்சுப் பாத்தியா சுமதி?"

"எதுக்குங்க அண்ணி? அண்ணந்தானே."

"நாளைக்கு நீ இங்க வந்து இருக்கோணும்னா, எந்த அறையில படுப்பே?"

அவளுடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. அண்ணனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத முடியாது. இன்றுவரை என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. ஆனால் கேட்காமல் இருக்க இனி என்னால் ஆகாது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் அக்கா.

சுமதி பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சுப்போட்டு வாறேனுங்க" என்று கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அங்கே அதை வெளியே எடுத்து முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். அவள் தமிழ் வழியில் படித்தவள். பத்திரம் கேரள வழக்கப்படி மலையாளத்தில் இருந்தது. புரியாத சொல் வரும்போது விரலை அதன்மேல் வைத்து என்னைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னேன். வந்த பஸ் ஒன்றைப் போகவிட்டுவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.