மூன்று காலி வரிசைகள்

மார்ச் 4

மருத்துவமனையின் வார்டு கணக்கு ஒருவழியாக முடிந்தது. மூன்று வார்டுகள் மட்டும் எண்ணிக்கை அனுப்பவில்லை. மேட்ரிக்ஸ் அட்டவணையில் அந்த மூன்று வரிசைகளும் காலி. போன வருடச் சராசரியைப் போட்டு நிரப்பச் சொன்னார் எங்கள் புள்ளிவிவரப் பிரிவுத் தலைவர். ஷிஃப்டுக்கு நர்ஸ் நான்கு, நோயாளி இருபத்திரண்டு, புகார் ஏழு. ஒவ்வொரு வரிசையாக நிரப்பும்படி ஆர் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். "இதுக்குப் போய் இத்தனை வரியா? கதை எழுதிட்டு வந்திருக்கியேம்மா" என்றார். தானே ஒரே வரியாகச் சுருக்கிவிடுகிறாராம். சுருக்கட்டும்.

மார்ச் 11

அறிக்கை மேலே போய்விட்டது. என்னிடம் காட்டவே இல்லை.

மார்ச் 19

அக்கா போன் செய்தாள். அவள் நர்ஸாக இருக்கும் வார்டும் அந்த மூன்றில் ஒன்று. நான்கு பேரில் இரண்டு பேரை வேறு வார்டுக்குத் தூக்கிவிட்டார்கள். "ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளிதானாம்டி. உங்க ரிப்போர்ட்தான் சொல்லுதாம். எவன்டி எண்ணினான்?" அதட்டிக்கொண்டே அழுதாள். நேற்று ஒருவருக்கு மருந்து தாமதமாகி மூச்சுத் திணறியிருக்கிறது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 20

கண்டுபிடித்துவிட்டேன்.

தலைவர் சுருக்கியபடி ஒற்றை வரியில் எழுதினால் ஆர் பக்கவாட்டில் நிரப்பாது. மேலிருந்து கீழே, ஒவ்வொரு பத்தியாக நிரப்பும். முதல் வார்டுக்கு எல்லாக் கட்டத்திலும் நான்கு. அக்கா வார்டுக்கு எல்லாவற்றிலும் இருபத்திரண்டு: நர்ஸும் அவ்வளவு, நோயாளியும் அவ்வளவு. மூன்றாவதற்கு ஏழு. மூன்று வரிசை, மூன்று எண் – அளவு பொருந்திவிட்டதால் ஆர் பிழை என்று வாயே திறக்கவில்லை. இவராவது அட்டவணையைத் திறந்து பார்த்திருக்கலாமே? விகிதத்தை மட்டும் எடுத்து அறிக்கையில் ஒட்டியிருக்கிறார்.

தலைவரிடம் காட்டினேன். "எரர் எதுவும் வரலையேம்மா" என்றார்.

"ஒரு வார்டுல இருபத்திரண்டு நர்ஸ் எங்க சார் நிப்பாங்க?"

"மேல போனதைத் திருப்பிக் கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாசமாம்! மூஞ்சியாம்! அங்க ரெண்டே பேர் ஓடி ஓடிச் சாகறாங்க, இந்த மனுஷனுக்கு மூஞ்சி கவலை.

மார்ச் 21

அந்த மூன்று வார்டும் ஏன் எண்ணிக்கை அனுப்பவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "எண்ணி எழுத ஆள் எங்கடி இருக்கு?"

ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஆளைப் பிடுங்கியிருக்கிறோம்.

மார்ச் 24

தலைவரிடம் சொல்லாமல், நேராக நர்ஸ் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரண்டா? என் சர்வீஸ்ல ஒரே ஷிஃப்டுல பத்துப் பேரைக்கூடப் பாத்ததில்ல." சிரிக்கவில்லை. உடனே போனை எடுத்தார்.

மார்ச் 25

தலைவர் என்னோடு பேசுவதில்லை. நிம்மதி.

ஏப்ரல் 2

இரண்டு பேரும் வார்டுக்குத் திரும்பிவிட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டதாக அக்கா சொன்னாள்.

திருத்திய அறிக்கையும் வந்தது. 'பிழை உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது' என்று எழுதி, கீழே தலைவர் தன் பெயரை மட்டும் போட்டிருக்கிறார். பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தயாரித்தவர் என்று அதில் என் பெயர் மட்டும்.

போகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.