வழக்கம்போல

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

"இனி உன்கூடப் பேசமாட்டேன்" என்றுதான் சொன்னாய். எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் கிரீம் பன்னைப் பள்ளிக் கேன்டீனில் நிறுத்தச் சொன்னது நான்தான். பிள்ளைகள் சாப்பாட்டை வைத்துவிட்டு அதையே தின்றால் வேறென்ன செய்ய? அதற்காக அக்கா வீட்டுப் பக்கமே வராமலிருப்பதா?

இப்போது ஓர் உதவி. என் சமையல் வகுப்பு ஓவன் உயிரை விட்டுவிட்டது. பிள்ளைகள் கோதுமை மாவில் கேரட் துருவிப் போட்டுப் பிசைந்த பன்களை வெள்ளிதோறும் பள்ளி ஆயாவிடம் உன் பேக்கரிக்கு அனுப்புகிறேன். மேலே வழக்கம்போல தடவிச் சுட்டுக் கொடு.

வீட்டு டப்பாவைத் தவிர எதையும் தொடாத சிறுமி ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள். 'டப்பாக்குட்டி' என்று கேலி செய்கிறார்கள். அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து ஒன்று சாப்பிட வேண்டும். எனக்கு அது போதும்.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

சுட்டு அனுப்பியிருக்கிறேன். உன் மாவைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். சுவரில் பூசலாம். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ!

தம்பி

ஜூலை 20

தம்பி,

சுவரில் பூசலாமா? தட்டில் துணுக்குகூட மிச்சமில்லை! டப்பாக்குட்டிகூட ஒரு முழு பன்னைத் தின்றுவிட்டு, "டீச்சர், இது நான் செஞ்சது!" என்று வகுப்பு முழுக்கக் காட்டினாள். பளபளவென்று சுட்டிருக்கிறாய். கைராசிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். வாய்தான் சரியில்லை.

அக்கா

ஜூலை 27

என்ன காரியம் செய்துவிட்டாய்!

டப்பாக்குட்டி நேற்று வகுப்பிலேயே வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்குச் சர்க்கரை நோய். நான் எழுதிக் கொடுத்த செய்முறையை நம்பித்தான் அவள் அம்மா ஊசி மருந்தை அளந்து போட்டிருக்கிறார். பன்னைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. பாகு! நாலு வாரமாகப் பாகு! "சர்க்கரை இல்லைன்னீங்களே டீச்சர்" என்று அந்த அம்மா கேட்டார். வகுப்பை நிறுத்திவிட்டார்கள். கிரீம் பன்னுக்குப் பழி தீர்த்துக்கொண்டாயா? உனக்கு இப்போது நிம்மதிதானே?

ஜூலை 28

அக்கா,

என்னை அவ்வளவு கேடுகெட்டவன் என்றா நினைத்தாய்? "வழக்கம்போல தடவி" என்று எழுதினாயே, பேக்கரியில் வழக்கம்போல என்றால் பாகுதான். நம் வீட்டில் பால் தடவுவது எனக்கு எப்படி ஞாபகம் வரும்? பால் என்று இரண்டெழுத்து எழுத முடியவில்லையா உனக்கு? நோய் என்றும் சொல்லவில்லை. பிடிவாதக்காரக் குழந்தை என்றுதானே நினைத்தேன்!

எனக்கும் புத்தி வேண்டாமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீம்பு, உன்னிடம் எதையும் கேட்கக்கூடாது என்று. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தம்பி

ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ தலைமையாசிரியையிடம் போய், "எங்க அக்கா மேல தப்பில்ல, நான்தான் கேக்காம செஞ்சேன்" என்று சொன்னாயாம். அவர் சொல்லித்தான் தெரியும். நான் வெறுமனே 'வழக்கம்போல' என்று எழுதியதைப் பற்றி நீ மூச்சே விடவில்லையாம். நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு கிடைத்தது. வகுப்பு திரும்பவும் நடக்கிறது.

ஆனால் மனசு ஆறவில்லை. டப்பாக்குட்டி வந்துவிட்டாள். உடம்பு தேவலை. மாவை எல்லோரையும்விட நன்றாகப் பிசைகிறாள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். "நீ செஞ்சதுதானேம்மா, ஒரு வாய் சாப்பிடு" என்றேன். "நான் செஞ்சப்ப நல்லாத்தான் டீச்சர் இருந்துச்சு. அப்புறம் வெளியே போச்சுல்ல" என்றாள். அழக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இந்த வெள்ளிக்கிழமை அவள் அம்மாவும் வருகிறார். நீ மாவை வாங்க ஆயாவை எதிர்பார்க்காதே. நாங்கள் எல்லோரும் உன் பேக்கரிக்கே வருகிறோம். என்னோடு பேசாவிட்டால் போகிறது. அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். பன்னில் தடவும் தூரிகையை அவள் கையில் கொடு.

மேலே என்ன தடவ வேண்டும் என்று அவளிடமே கேள்.

அக்கா